நோயாளியைத் தேடும் மருந்துச் சோதனை: கதவைத் தட்டும் உரிமை யாருக்கு?

புதுதில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிகள் பிரிவில் 2022 அக்டோபரில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கப்பட்டது. வரிசையில் நின்று பெயர், வயது, முகவரி சொல்லிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. அங்கு வைக்கப்பட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைச் செல்பேசியில் ஸ்கேன் செய்தால் போதும். விவரங்கள் மருத்துவமனைக் கணினிக்குச் சென்று வரிசை எண் வந்துவிடும். பின்னர் எய்ம்ஸ் உள்ளிட்ட பல மருத்துவமனைகளுக்கும் இது விரிவடைந்தது. பிஹாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்து விடியும் முன்பே காத்துக்கிடக்கும் ஏழை நோயாளிக்கு இது நிம்மதிதான். குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால், சீட்டுக்காகத் தந்த விவரத்தோடு ரத்தப் பரிசோதனை முடிவும், மருந்துச் சீட்டும், ஸ்கேன் அறிக்கையும் ஒரே அடையாள எண்ணின் கீழ் சேரும்போது, அந்தப் பதிவேட்டின் மதிப்பு வேறாகிவிடுகிறது. புதிய மருந்தைச் சோதிக்க ஆள் தேடும் நிறுவனங்களுக்கு அதுவே தங்கச் சுரங்கம்.

மருந்துச் சோதனைகள் தாமதமாவதற்கும் பாதியில் கைவிடப்படுவதற்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று, தகுதியான நோயாளிகள் உரிய காலத்தில் கிடைக்காததே. சர்க்கரை நோய்க்கான ஒரு மருந்தை எடுத்துக்கொண்டால், குறிப்பிட்ட வயதுக்குள் இருக்க வேண்டும், மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும், சிறுநீரகம் கெட்டிருக்கக் கூடாது, இன்சுலின் போட்டிருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் நீளும். மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் புரட்டி நாட்கணக்கில் தேடுவதைக் கணினி சில நிமிடங்களில் தேடித் தந்துவிடும்.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. கொரோனா காலத்தில் பிரிட்டனில் நடந்த 'ரெக்கவரி' ஆய்வு, அந்நாட்டுப் பொது சுகாதாரச் சேவையின் மின்னணுப் பதிவேடுகளைக் கொண்டு நோயாளிகளின் நிலையைத் தொடர்ந்து கண்காணித்தது. விலை மலிவான டெக்சாமெத்தசோன் என்ற பழைய மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2020 ஜூனில் அந்த ஆய்வு காட்டியது. தொடங்கி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. உலகெங்கும் ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு அந்த மருந்து எட்டியது. 2021-ல் தொடங்கிய புற்றுநோய் ரத்தப் பரிசோதனை ஆய்வு ஒன்றில் 1,40,000 தன்னார்வலர்கள் ஓராண்டுக்குள் சேர்ந்தனர். அழைப்புக் கடிதத்தை அனுப்பியது பரிசோதனையைத் தயாரித்த நிறுவனம் அன்று. பொது சுகாதாரச் சேவை. இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது.

பெயரில்லாமல் அழைக்க முடியுமா?

இந்தியாவில் 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம்' 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. 14 இலக்கங்கள் கொண்ட 'ஆபா' எண் 2025 தொடக்கத்திலேயே 70 கோடிப் பேரைத் தாண்டிவிட்டது. கொரோனா தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டியவர்களில் பலருக்கு, அவர்களைக் கேட்காமலே இந்த எண் உருவாக்கப்பட்டதாக 2021-ல் செய்திகள் வந்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். மருத்துவப் பதிவுகள் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை, அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், நோயாளியின் ஒப்புதலோடுதான் பகிரப்படும் என்று அரசு கூறுகிறது. ஏட்டளவில் இது நல்ல வடிவமைப்பே.

ஆய்வுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அடையாளம் நீக்கப்பட்டு, மொத்தமாகத் தொகுக்கப்பட்ட தரவுகளை மருத்துவ ஆய்வுக்குத் தரலாம் என்று 2020 டிசம்பரில் ஏற்கப்பட்ட சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கை அனுமதிக்கிறது. இந்த ஊரில் இத்தகைய நோயாளிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க அது போதும். ஆனால் அவர்களில் ஒருவரைச் சோதனைக்கு அழைக்க வேண்டுமானால், நீக்கிய பெயரையும் செல்பேசி எண்ணையும் மீண்டும் ஒட்டியாக வேண்டும். அடையாளம் தெரியாது என்ற உறுதிமொழி அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகப் பெற்ற ஒப்புதல் அந்த நோக்கத்துக்கு மட்டுமே என்கிறது. சிகிச்சைக்குத் தந்த விவரத்தைச் சோதனைக்கு ஆள் பிடிக்கப் பயன்படுத்தினால், அது வேறு நோக்கம். ஆனால் அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குறித்த தர நெறிகளின்படி நடக்கும் ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறது. சம்பந்தப்பட்ட தனிமனிதரைப் பற்றி எந்த முடிவும் எடுக்க அத்தரவைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இவரைச் சோதனைக்கு அழைக்கலாம், அவரை வேண்டாம் என்று பதிவேட்டைப் பார்த்துத் தேர்வு செய்வது, அந்தத் தனிமனிதரைப் பற்றிய முடிவில்லாமல் வேறென்ன? எனவே இந்த விலக்கு ஆள் சேர்ப்புக்குப் பொருந்தாது என்றே சட்டத்தை வாசிக்க வேண்டும். அப்படித்தான் வாசிக்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மருந்துத் துறையின் சட்டமும் இங்கே உதவவில்லை. 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகள், சோதனையில் சேரும் வேளையில் விவரமறிந்த ஒப்புதலை எழுத்து மூலம் பெறச் சொல்கின்றன. விளம்பரம் உள்ளிட்ட ஆள் சேர்க்கும் வழிகளையும் நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும். அதாவது வாசலில் காவல் உண்டு. ஆனால் அந்த வாசலுக்கு நோயாளியை அழைத்து வந்த தேடலை யார் நடத்தினார், யார் அனுமதித்தார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

கம்மமும் போபாலும்

இதை அதீதக் கவலை என்று ஒதுக்க முடியாது. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 2009-ல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. ஏழு சிறுமிகள் இறந்த செய்திக்குப் பின் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. எனினும் ஒப்புதல் பெற்ற விதம் பற்றி நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் கடும் கண்டனம் தெரிவித்தது. கம்மத்தில் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். பழங்குடி மாணவியரின் விடுதிப் பட்டியல் கையில் இருந்தது, வேலை எளிதாகிவிட்டது. விஷவாயுவால் பாதிக்கப்பட்டோருக்காகவே அமைந்த போபால் நினைவு மருத்துவமனையில், அந்த மக்களையே சோதனைகளில் சேர்த்ததும் பின்னர் வெளியே வந்தது. தாங்கள் சோதனையில் இருப்பதே தெரியாது என்றனர் பலர்.

2005 முதல் 2012 வரை 475 புதிய மருந்துகளின் சோதனைகளின்போது 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றில் 80 மரணங்களுக்குச் சோதனையே காரணம் என்றும் மத்திய அரசே 2013-ல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த வழக்கின் அழுத்தத்தால்தான் இழப்பீடு, ஒப்புதலை ஒளிப்பதிவு செய்தல் போன்ற விதிகள் வந்தன.

விடுதிப் பட்டியல் ஒரு மாவட்டத்தோடு நின்றது. மின்னணுப் பதிவேடு அப்படி நிற்காது. அது திருடு போகவும் கூடும். 2022 நவம்பர் 23-ல் தில்லி எய்ம்ஸின் ஐந்து சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கி, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதை நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே "இந்தப் புது மருந்தைப் பார்ப்போமா" என்று கேட்டால், வேறு போக்கிடமில்லாத நோயாளி மறுப்பது அரிது. அதற்காக அந்த மருத்துவரை விலக்கிவிட்டு நிறுவனத்தின் ஆளே தொலைபேசியில் அழைப்பது இன்னும் மோசம். நோயாளியின் ரகசியம் அவர் அறியாத ஒருவரிடம் ஏற்கெனவே சென்றுவிட்டது என்றல்லவா அந்த அழைப்பு சொல்கிறது! சோதனைக்காக என்னைத் தேடலாமா, கூடாதா என்பதைச் சிகிச்சை ஒப்புதலிலிருந்து பிரித்து, நோயாளியின் மொழியில், தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். மறுத்தால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது. முதல் கடிதம் மருத்துவமனையிலிருந்துதான் செல்ல வேண்டும். பதிவேட்டை யார், எப்போது தேடினார் என்பதை நோயாளி பார்க்க முடிய வேண்டும். எதிர்த்திசையிலும் கதவு திறக்கப்பட வேண்டும்: 2007 முதல் இயங்கும் இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் விவரங்கள் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. தனக்கேற்ற சோதனை எங்கே நடக்கிறது என்று தேடும் புற்றுநோயாளிக்கு அதனால் என்ன பயன்?

சுகாதார அமைச்சகம் 2018 மார்ச்சில் வெளியிட்ட டிஜிட்டல் மருத்துவத் தகவல் பாதுகாப்பு மசோதாவின் வரைவில், அடையாளம் நீக்கியதோ நீக்காததோ, எந்த மருத்துவத் தரவும் மருந்து நிறுவனங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் எந்நிலையிலும் தரப்படக் கூடாது என்று இருந்தது. அவ்வளவு இறுக்கமான தடை ஆய்வையே முடக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தளர்த்துவது பற்றிய விவாதம்கூட நடக்காமல் அந்த வரைவு கிடப்பில் போனது. 2023 சட்டத்தில் மருத்துவத் தரவுக்கென்று தனிப் பிரிவே இல்லை. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கும் பிரிவு உடனே அமலுக்கு வந்தது. ஒப்புதல் பெறும் கடமை உள்ளிட்ட முக்கியப் பிரிவுகளுக்கோ 18 மாத அவகாசம்.