சுரங்கங்களைத் தாண்டினால் அரக்கு!

விடியற்காலையில் விசாகப்பட்டினம் ரெயில் நிலையத்துக்குப் போனால், கிரந்துல் ரெயில் நிற்கும் பிளாட்பாரத்தில் தமிழ்க் குரல்கள் கேட்கும். துறைமுகம், உருக்காலை, கப்பல் கட்டும் தளம் என்று பல இடங்களில் வேலை பார்க்கும் குடும்பங்கள், லீவு நாள் என்றால் புளியோதரைப் பொட்டலத்தோடு கிளம்பி விடுகிறார்கள். ஜன்னல் ஓரத்துக்குப் பிள்ளைகளுக்குள் அடிதடி நடக்கும். ஊரில் இருந்து வந்திருக்கும் தாத்தா, "ஊட்டி மாதிரி இருக்குமா?" என்று கேட்பார்.

ஊட்டி மாதிரி இருக்காது. அங்கே சின்ன ரெயில், பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முக்கி முனகி ஏறும். இங்கே ஏறுவது சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஓடுகிற அதே அகலப் பாதை ரெயில். பல் சக்கரம் கிடையாது. மலையைக் குடைந்தும் வளைத்தும் ஏற்றத்தைத் தணித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். இந்தப் பாதையில் உள்ள சிமிலிகுடா நிலையம் கடல் மட்டத்தில் இருந்து 996 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஷ்மீரில் ரெயில் ஓடத் தொடங்கும் வரையில், அகலப் பாதையில் இந்தியாவிலேயே மிக உயரமான நிலையம் என்ற பெருமை அதற்கு இருந்தது.

தாதுவுக்குப் போட்ட பாதை

உண்மையைச் சொன்னால், இது பிரயாணிகளுக்காகப் போட்ட பாதையே அல்ல. பஸ்தர் மலைகளில் உள்ள பைலாடிலாவில் இரும்புத் தாது வெட்டி, விசாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்புவதற்காக, ஜப்பானின் உதவியோடு 1960-களில் போடப்பட்டது. கொத்தவலசாவில் இருந்து கிரந்துல் வரை சுமார் 445 கிலோ மீட்டர். வழி நெடுகிலும் 58 சுரங்கப் பாதைகள். தாது ரெயில்கள்தான் இந்த வழிக்கு ராஜா. பிரயாணி ரெயில் ஏதாவது ஒரு மலை நிலையத்தில் கிராசிங்குக்காகக் காத்து நின்றால் கோபப்பட வேண்டாம். ஆயிரக்கணக்கான டன் பாரத்தோடு மலை இறங்கும் வண்டியைக் கட்டுக்குள் வைத்திருப்பது, ஏறுவதைவிடக் கஷ்டமான வேலை. செம்மண் பூசியது போன்ற வேகன்கள் கடகடவென்று கடந்து போவதும் ஒரு காட்சிதானே!

சிருங்கவரப்புகோட்டையைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. முதல் சுரங்கம் வந்ததும் பெட்டி முழுவதும் பிள்ளைகளின் கூச்சல். இருட்டில் விசில் அடிக்காத வாலிபனும் இல்லை. வெளிச்சம் வந்ததும் ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் அதல பாதாளம். மழைக்காலத்தில் கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் வெள்ளிக் கம்பி போல அருவிகள். 2017 ஏப்ரலில் இந்த ரெயிலில் கண்ணாடிக் கூரை போட்ட பெட்டி ஒன்றைச் சேர்த்தார்கள். சுழலும் நாற்காலி, குளிர்சாதனம் எல்லாம் உண்டு; கட்டணமும் அதற்கேற்ப உண்டு. ஆனால் மலைக் காற்று முகத்தில் அடிக்க வேண்டுமானால் சாதாரணப் பெட்டிதான் சரி.

பசு விழுந்த குகை

அரக்குக்கு முன்னாலேயே பொர்ரா குகை நிலையம் வந்துவிடும். இங்கே இறங்கி, குகையைப் பார்த்துவிட்டு, பஸ்சிலோ ஜீப்பிலோ அரக்கு போகிறவர்கள் அதிகம்.

சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டான குகை இது. கூரையில் இருந்து சொட்டும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, கூரையில் இருந்து கீழ் நோக்கியும் தரையில் இருந்து மேல் நோக்கியும் விழுதுகளாக வளர்ந்து நிற்கிறது. ஒரு விரல் நீளம் வளர்வதற்கே பல தலைமுறை ஆகும். அதைத் தொட்டுப் பார்ப்பதும் உடைத்து எடுப்பதும் பெரிய பாவம். கையில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டாலே அந்த இடம் கறுத்துவிடும். காவலாளி கண் மறைந்ததும் பேர் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தமிழ் எழுத்து இல்லாமல் இருந்தால் நமக்குக் கௌரவம்.

மேய்ந்துகொண்டிருந்த பசு ஒன்று கூரையில் இருந்த துவாரத்தின் வழியாக உள்ளே விழுந்துவிட்டதாம். தேடிப் போனவர்கள் பசு உயிரோடு நிற்பதையும், அருகே லிங்கம் போன்ற கல் ஒன்று இருப்பதையும் கண்டார்களாம். இது மலைவாசிகள் சொல்லும் கதை. சிவராத்திரிக்கு இங்கே கூட்டம் நெரியும். இங்கே பிறக்கும் ஆற்றின் பெயரும் கோஸ்தனி, அதாவது பசுவின் மடி. அந்த ஆற்றைத் தாட்டிபூடியில் அணை கட்டித் தேக்கி, விசாகப்பட்டினத்துக்குக் குடிநீர் கொண்டு வருகிறார்கள். குகையில் காலடியில் ஓடும் தண்ணீரில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், பிஸ்கட் உறையை அதில் எறிய மாட்டார்கள்.

இந்தப் பொர்ரா சுற்று வட்டாரத்துக் கிராமங்களால்தான் நாடு முழுவதும் பேசப்பட்ட தீர்ப்பு ஒன்று வந்தது. சுரங்கம் வெட்டுவதற்கு இங்கே வெளியாருக்குக் குத்தகை கொடுத்ததை எதிர்த்து, சமதா என்ற தொண்டு அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. பழங்குடிப் பகுதியில் உள்ள நிலத்தை, அது சர்க்கார் நிலமாகவே இருந்தாலும், பழங்குடி அல்லாத தனியாருக்குச் சுரங்கக் குத்தகைக்கு விடக்கூடாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே நில மாற்றத் தடைச் சட்டம் இருந்தது. 1970-ல் திருத்திக் கடுமையாக்கினார்கள். 1/70 சட்டம் என்று சொன்னால் இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர் இங்கே நிலம் வாங்க முடியாது. "ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டால் என்ன?" என்று நம்மவர்கள் சிலர் ஆசையோடு விசாரிக்கிறார்கள். ஆசையை ரெயிலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போவது நல்லது.

மஞ்சள் பூவும் மலைக் காபியும்

அரக்கு, சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில், மலைகள் வட்டமாகச் சூழ்ந்த சமவெளி. ஊர் சிறியது. பத்மாபுரம் தோட்டம், பழங்குடியினர் கண்காட்சி சாலை ஆகியவற்றை அரை நாளில் பார்த்துவிடலாம். உலகப் போரின்போது ராணுவத்துக்குக் காய்கறி பயிரிட்ட இடம்தான் பத்மாபுரம்.

அரக்கின் அழகு ஊருக்கு வெளியேதான். மழை விட்டு, பனி தொடங்கும் மாதங்களில் வயல்கள் எல்லாம் மஞ்சள் பட்டு விரித்தது போல மாறிவிடும். தெலுங்கில் வலிசெலு என்கிறார்கள். நம் ஊர்ப் பேயெள்தான் அது. எண்ணெய்க்காகப் பயிரிடுகிறார்கள். படம் எடுப்பதற்காக ஜனங்கள் வயலுக்குள் இறங்கி மிதிக்கத் தொடங்கியதும், மிதிபட்ட செடியில் எள் ஏது? வயலுக்குள் இறங்கக் காசு கேட்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். அதைக் கொள்ளை என்று சிலர் சண்டை போடுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கதிர் முற்றிய வயலில் நூறு பேர் இறங்கி நின்று படம் எடுத்தால் மிராசுதார் சும்மா இருப்பாரா?

மலைச் சரிவில் நிழல் மரங்களுக்குக் கீழே காபி. அந்த மரங்களிலேயே மிளகுக் கொடி. பெரிய எஸ்டேட்டுகள் ஒரு சில. மற்றபடி ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பழங்குடிக் குடும்பங்களே பயிரிடுகின்றன. அரக்கு அராபிகா காபிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிக்கரி கலந்து பழகிய நம் நாக்குக்கு முதல் வாய் சப்பென்று இருக்கும். இரண்டாவது டம்ளரில் பிடித்துப் போகும்.

வாரத்தில் ஒரு நாள் கூடும் சந்தையைத் தவறவிடக்கூடாது. எந்த ஊரில் எந்த நாள் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இஞ்சி, மஞ்சள், ராஜ்மா, மலைப் பழம், துடைப்பப் புல் எல்லாவற்றையும் தலைச்சுமையாகவே கொண்டு வருகிறார்கள். விடியும் முன்பே கிளம்பிப் பல மைல் நடந்து வந்தவர்களிடம் பேரம் பேசும்போது அளவு வேண்டும். பச்சை மூங்கில் குழாய்க்குள் கோழித் துண்டுகளை அடைத்து, இலையால் வாயை மூடி, நெருப்பில் சுட்டுக் கொடுப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. பெண்கள் தோளோடு தோள் கோத்து ஆடும் திம்சா நடனம், அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் கிராமத்தில் ஆடுவது. விடுதி முற்றத்தில் பார்க்கக் கிடைப்பது அதன் சாயல்தான்.

டோலியும் ஜீப்பும்

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்குக் கட்டிகி அருவி, காலிகொண்டா மலை எல்லாம் இருக்கின்றன. பாடேரு பக்கத்தில் உள்ள வஞ்சங்கிக்கு இருட்டிலேயே ஏறினால், சூரியன் உதிக்கும்போது காலுக்குக் கீழே மேகக் கடலைப் பார்க்கலாம். பாடேரு வழியில் உள்ள சாபராயில், பாய் விரித்தாற்போன்ற பாறை மேல் ஓடை வழுக்கி ஓடுகிறது. பார்வைக்கு முழங்கால் ஆழம்தான் இருக்கும். பாசியோ பயங்கரமான வழுக்கல். மழைக்காலத்தில் பிள்ளைகளை இறக்கவே கூடாது.

மேகம் பார்க்க ஜீப் போகும் இந்த மலைகளில், ரோடு இல்லாத குக்கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. பிரசவ வலி வந்தால் கம்பில் துணி கட்டி டோலியாக்கி, நாலு பேர் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். வழியிலேயே பிள்ளை பிறந்த செய்தியும், பிழைக்காமல் போன செய்தியும் தெலுங்குப் பத்திரிகைகளில் மாறி மாறி வருகின்றன. 2022 ஏப்ரலில் இந்த மலைப் பகுதியைப் பிரித்து, பாடேருவைத் தலைநகராக வைத்து, அல்லூரி சீதாராம ராஜு பெயரில் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் மலைக்கே வந்துவிட்டது. ரோடும் வர வேண்டும் என்று மலைவாசிகள் காத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பினால், குகையும் கூட்டமும்தான் நினைவில் நிற்கும். மார்கழி, தை மாதங்களில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும், கம்பளி கட்டாயம். மலேரியா உள்ள பகுதி என்பதால் கொசுவலையோ களிம்போ வேண்டும். திரும்பி வந்த பிறகு, சில மாதங்கள் கழித்தே ஆனாலும், காய்ச்சல் கண்டால், அரக்கு போய் வந்ததை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கனமழை நாட்களில் தண்டவாளத்தில் பாறை உருண்டு ரெயில் நின்றுபோவது உண்டு. ஆகவே கிளம்பும் முன்பு ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

திரும்பும் ரெயில் சில நாள் தாமதமாகத்தான் வரும். அரக்கு பிளாட்பாரத்தில், சந்தையில் விற்றது போக மிச்சக் கூடைகளோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நகரத்துக்காரர்கள் நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் கூடையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார்கள். முதலில் தாது ரெயில் கடந்து போகும். அதற்குப் பிறகுதான் இவர்களுக்குச் சிக்னல் விழும்.