ஸ்டெம் செல் சிகிச்சை: கொடுக்குமுன் கேட்க வேண்டியவை



"எங்கள் பிள்ளைக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்ய வேண்டும், சில இலட்சம் ரூபாய் தேவை" என்று ஒரு குடும்பம் உங்கள் சபைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? கொடுக்க மனம் உண்டு. ஆனால் அந்தப் பணம் பிள்ளையின் சுகத்துக்குப் போகிறதா, வெறும் வியாபாரத்துக்குப் போகிறதா என்று எப்படி அறிவது?

ஸ்டெம் செல் என்பது மூல உயிரணு. அது தன்னைப் போன்ற உயிரணுக்களைப் பெருக்கும். வேறு வகை உயிரணுவாகவும் மாறும். நம் எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல உயிரணுக்களே அன்றாடம் புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்கு இவற்றை மாற்றிப் பொருத்துவது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986 முதல் இது நடைபெற்று வருகிறது.

1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்து வளர்த்தார். இதில் கரு அழிக்கப்படுவதால் அநேக சபைகள் மனச்சாட்சியின் கேள்வியை எழுப்பின. 2006-ல் ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா யமானகா எலியின் தோல் உயிரணுவையே மூல உயிரணு நிலைக்குத் திருப்பினார்; அடுத்த ஆண்டில் மனிதத் தோலிலும் அதைச் செய்தார். கரு தேவைப்படாத ஒரு வழி இவ்விதமாகத் திறந்தது. 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் இரு வகை ஆராய்ச்சிகளும் தொடருகின்றன.

நம்பிக்கை தரும் செய்திகள் உண்டு. வேலூர் மருத்துவர்கள் கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐந்து பேரின் சொந்த மூல உயிரணுக்களை எடுத்து, இரத்தம் உறைவதற்கான மரபணுவைச் சேர்த்து, திரும்பச் செலுத்தினார்கள். கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2025-ல் வெளியான மற்றொரு ஆய்வில், முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 12 பேருக்கு, கருவின் மூல உயிரணுவிலிருந்து உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் உயிரணுக்கள் செலுத்தப்பட்டன. ஓராண்டுக்குப் பின் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் உடல் அவற்றை நிராகரிக்காதிருக்க வேறு மருந்துகள் வேண்டும். மேலும், ஐந்து பேரும் பன்னிரண்டு பேரும் சிறிய எண்ணிக்கைதான்.

அடுத்த தடை விலை. அரிவாள் செல் இரத்தசோகை நம் நீலகிரி பழங்குடி மக்களிடையேயும் காணப்படும் நோய். அதற்கான மரபணு திருத்திய மூல உயிரணு சிகிச்சைக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அங்கே அதற்குக் குறித்த விலை 22 இலட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். ஆகவே இனி வரும் ஆண்டுகளின் கேள்வி, "சிகிச்சை உண்டா?" என்பது மட்டுமல்ல, "ஏழைக்கு எட்டுமா?" என்பதுமாகும்.

இந்த ஏக்கத்தையே சிலர் வியாபாரமாக்குகிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று வயதான பெண்கள் பார்வையை இழந்தது 2017-ல் வெளிவந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் 5,000 டாலர் கட்டணம் செலுத்தியிருந்தார்கள். அப்படியிருந்தும் அதே மாநிலம் 2025-ல் மூட்டு, வலி, புண் ஆகியவற்றுக்கு அனுமதி பெறாத ஸ்டெம் செல் சிகிச்சைகளுக்கும் சட்டத்தில் இடமளித்தது.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகள் தெளிவானவை. குறிப்பிட்ட நோய்களுக்கான இரத்த மூல உயிரணு மாற்றம் தவிர, மற்றவை முறையான ஆய்வாக மட்டுமே நடைபெறலாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது.

எனவே அக்குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த நோய்க்கு? ஆய்வு என்றால் அரசின் பதிவேட்டில் பதிவாகி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்கிறதா? ஆய்வு என்று சொல்லிவிட்டு நோயாளியிடமே ஏன் பணம் கேட்கிறார்கள்? திருப்தியான பதில் கிடைத்தால் தாராளமாய்க் கொடுங்கள். கிடைக்காவிட்டால், வீட்டை அடமானம் வைக்குமுன் அவர்களைத் தடுத்து, நல்ல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் ஒரு பெரிய உதவியே.