வெட்டுப்படிவமும் கணினியும்

ஆடைத் தொழிலின் உயிர்நிலை தையற்பொறியில் உள்ளதெனப் பலர் கருதுவர். தையற்பொறி இணைக்க மட்டுமே வல்லது. எதனை எதனோடு, எவ்வளவில் இணைப்பது என்பதை முன்னரே முடிவு செய்வது வெட்டுப்படிவம். தொழிற்சாலைகளில் இதனைப் 'பற்றன்' என வழங்குவர். முன்னாளில் மட்டைத்தாளில் வரைந்து கத்தரித்த இப்படிவம் இன்று கணினியில் மென்பொருள் கொண்டு ஆக்கப்படுகின்றது. கட்டுநாயக்கா வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது முதல் ஆடைத் தொழில் இலங்கையில் ஓங்கி வளர்ந்தது. நம் கொட்டகலைத் தோட்டப் பிள்ளைகளும் அத்தொழிலை நாடிச் செல்கின்றனர். ஆதலின் இம்மென்பொருள் செய்வது யாது, அதனைப் புதுப்பிக்குங்கால் காக்க வேண்டியது யாது என்பன நாமும் அறியத்தக்கனவே.

இத்துறைக்கு வழிகோலியவருள் ஒருவர் வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜோசப் கேர்பர். மாணவராயிருந்தபோது தம் இரவுடையின் இழுபட்டியைக் கொண்டே அளவுகோல் ஒன்றை அமைத்தவர் அவர். 1969இல் அவரது நிறுவனம் துணியைத் தானே வெட்டும் பொறியை உருவாக்கிற்று. 1973இல் பிரான்சில் லெக்ட்ரா நிறுவனம் தோன்றிற்று. நெடுங்காலம் போட்டியிட்ட இவ்விரண்டும் 2021இல் ஒன்றாயின. கேர்பர் நிறுவனத்தை லெக்ட்ரா வாங்கிக்கொண்டது.

மென்பொருளின் பணி மூவகைப்படும். முதலாவது, படிவத்தை வரைதல். இரண்டாவது, ஒரே படிவத்தைப் பல அளவுகளுக்கு விரித்தல்; இது 'கிரேடிங்' எனப்படும். மார்புச் சுற்று 4 சென்ரிமீற்றர் கூடுமாயின் காற்பங்குப் படிவம் 1 சென்ரிமீற்றர் அகலும். தோளும் கழுத்தும் அவ்வளவு வளரமாட்டா. எனவே படத்தைப் பெருப்பிப்பது போலப் படிவத்தைப் பெருப்பித்தல் ஆகாது. மூன்றாவது, துண்டுகளைத் துணியின்மேல் நெருங்க அடுக்குதல். இதன் பெயர் 'மார்க்கர்'. சட்டை ஒன்றுக்கு 1.5 மீற்றராக 10,000 சட்டைகளுக்கு 15,000 மீற்றர் துணி வேண்டும். அதில் நூற்றுக்கு 2 பங்கு மிஞ்சினும் 300 மீற்றர் மீதமாகும்.

இனி, மென்பொருளைப் புதுப்பித்தல் பற்றிக் கூறுவாம். புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் களைந்துவிடுதல் பெரும் பிழை. புதிய பதிப்பிற் சேமித்த கோப்பு பழைய பதிப்பிலே திறவாது போகலாம். ஒரு நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுங்கால் டீ.எக்ஸ்.எவ். என்னும் பொதுக்கோப்பு பயன்படும்; அவ்வழியிலும் கிரேடிங் விதிகளோ வெட்டுக்குறிகளோ தவறிவிடக்கூடும். தவறு திரையில் தோன்றாது. ஆயிரக்கணக்கான துண்டுகள் வெட்டப்பட்ட பின்னரே வெளிப்படும்.

ஆகவே முதலிற் பழைய கோப்புகள் அனைத்தையும் வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் வேண்டும். கையிலுள்ள வேலை முடியுமட்டும் ஒரு கணினியிலேனும் பழைய பதிப்பு இருத்தல் நன்று. பின்னர் நன்கறிந்த சில படிவங்களைப் புதியதில் திறந்து, மிகச் சிறிய அளவிலும் மிகப் பெரிய அளவிலும் தையற்கோட்டின் நீளம், நூலோட்டம், வெட்டுக்குறி ஆகியவற்றை ஒப்புநோக்குக. 50 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றைத் தாளில் வரைவித்து நாடாவால் அளக்க. அது 49.5 ஆயின், 100 சென்ரிமீற்றர் மார்புச் சுற்று 99 ஆகிவிடும். இறுதியாக மாதிரி ஆடை ஒன்றை வெட்டித் தைத்துப் பார்த்த பின்னரே பெருந்தொகையாக வெட்டத் துணிதல் வேண்டும்.

இச்சோதனைகள் யாவும் நாடாவையும் கணக்கறிவையுமே நம்பி நிற்றல் காண்க. பதிப்புகள் மாறும், நிறுவனங்களும் கைமாறும், அளவின் அறிவோ மாறாது. பொறியின் பொத்தான்களை மட்டும் மனனஞ் செய்தவன் அடுத்த பதிப்பு வந்ததும் மீண்டும் மாணாக்கனாவான். படிவத்தின் இலக்கணம் கற்றவனுக்குப் புதிய பதிப்பு புதிய கருவி மட்டுமே. தேயிலை ஆலையிற் பொறிகள் மாறினும் கொழுந்தின் பதமறிந்தவன் தேவைப்படுவது போன்றதே இதுவும்.

மலையகப் பிள்ளைகள் தையல் வரிசையோடு நின்றுவிடாது வரைவு மேசைக்கும் உயர்தல் வேண்டும். அதற்கு வேண்டிய கேத்திரகணிதமும் பின்னமும் பாடசாலையிலேயே கற்பிக்கப்படுவன. வலன்ரீனா போன்ற, விலையின்றிப் பெறத்தக்க வரைவு மென்பொருளும் உண்டு. மேற்கற்க விரும்புவோர்க்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இத்துறை இருக்கின்றது. ஆடைத் தொழிலில் அமர்ந்துள்ள பழைய மாணவர் விடுமுறையில் ஊர் திரும்புங்கால், மட்டைத்தாளும் நாடாவும் ஒரு கணினியுங் கொண்டு தம் தம்பி தங்கையர்க்கு இக்கலையின் முதற்பாடத்தைக் கற்பிப்பாராயின், அதுவே கல்லூரிக்கு அவர் செய்யும் நற்கைம்மாறாகும்.