பத்து ரூபாய் நாணய அகலத்தில் ஒரு ஜன்னல்

இரவு எட்டு மணி. கூடத்தில் குழந்தை கேக் வெட்டுகிறது. ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்தும் கேமராவில் படம் கலங்கிப்போகிறது. காரணம் எளிது: உச்சிவெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ், இரவில் நம் கூடத்தில் இருப்பது பெரும்பாலும் 100, 200 லக்ஸ். கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதால் இந்த வீழ்ச்சி நமக்கு உறைப்பதில்லை.

லென்ஸுக்குள் ஒளி நுழையும் ஜன்னலுக்கு அபெர்ச்சர், அதாவது ஒளித்துளை என்று பெயர். லென்ஸின் குவிய நீளத்தை இந்தத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். எனவே எண் சிறுத்தால் துளை பெருக்கும்! கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை 50 மி.மீ.யில் வைத்தால் எஃப் எண் ஏறத்தாழ 5.6. துளையின் விட்டம் 9 மி.மீ., சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. எஃப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸிலோ அது 28 மி.மீ., பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு இழை பெரியது.

விட்டம் மூன்று மடங்கு; பரப்போ கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஷட்டர் பத்தில் ஒரு நொடி திறந்திருக்க வேண்டிய இடத்தில் நூறில் ஒரு நொடி போதும். மெல்ல அசையும் பிள்ளை கலங்காமல் பதியும்.

ஆச்சரியம் என்னவென்றால், பல நிறுவனங்களின் பட்டியலில் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று இந்த 50 மி.மீ. எஃப் 1.8தான். அதன் வேர் 1896இல் இருக்கிறது. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப், ஆறு கண்ணாடிகளை நடுத்துளைக்கு இருபுறமும் எதிரெதிராக அடுக்கி ‘பிளானார்’ லென்ஸை வடிவமைத்தார். முன்பாதி செய்யும் பிழைகள் பலவற்றைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்து நேர்செய்துவிடும்.

ஆனால் பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பிளானாரில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. கால் பங்குக்கு மேல் ஒளி வீண்! 1935இல் அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா, தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய பூச்சைக் கண்ணாடிமேல் படியவைத்தார். பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒளி உள்ளே போய்விடுகிறது.

50 மி.மீ. மலிவென்றால், 24 மி.மீ. லென்ஸ் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை? எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் எழுந்து தாழும் ஆடிக்கு இடம்விட்டு, லென்ஸ் சென்சாரிலிருந்து சுமார் 45 மி.மீ. தள்ளியே நிற்க வேண்டும். 50 மி.மீ.க்கு அது தொல்லையில்லை. 24 மி.மீ.க்கோ ஒளியைச் சுற்றிவளைத்துக் கொண்டுவரக் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும், விலையும் ஏறும்.

பெரிய ஜன்னலுக்கும் ஒரு விலை உண்டு. சிறிய சென்சார் உள்ள கேமராவில், ஒரு மீட்டர் தூரத்தில், எஃப் 1.8இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். கண் தெளிந்தால் காது மங்கும். அதே கேமராவில் 50 மி.மீ. காட்சியைக் குறுக்கும், சின்ன அறைக்கு 35 மி.மீ. எஃப் 1.8 தோதானது.

வாங்குமுன் ஒரு மாலை முழுக்க, உங்கள் ஜூம் லென்ஸை முதலில் 35இலும் பிறகு 50இலும் நிறுத்தி, வளையத்தைத் திருகாமல் வீட்டுக்குள் படமெடுத்துப் பாருங்கள். எது கைக்கு வாகாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். பழைய லென்ஸ் என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.