ஹாமக்: இறுக்கிக் கட்டினா பாதுகாப்புன்னு யார் சொன்னது?

ஏற்காடு, கொல்லிமலைன்னு டென்ட் தூக்கிட்டுக் கிளம்புறவங்க இப்ப ஒரு ஹாமக்கும் சேர்த்து வாங்குறாங்க. எதைப் பார்த்து வாங்கணும், எப்படிக் கட்டணும்? இன்னைக்கு எபிசோட் அதுதான்.

ஹாமக்னதும் நமக்குத் தூளி ஞாபகம் வரும். ஆனா ரெண்டும் வேறங்க. தூளியோட ரெண்டு முனையும் ஒரே விட்டத்துல தொங்குது, எடை நேரா கீழ இறங்குது. ஹாமக் ரெண்டு பக்கத்தையும் உள்பக்கமா இழுக்குது. எவ்வளவு இழுக்கும்கிறதை கயிறோட சாய்வு முடிவு பண்ணுது.

கணக்கைப் பாருங்க. படுக்கறவர் 70 கிலோ. கயிறு கிடைமட்டத்துல இருந்து 30 டிகிரி சாய்ஞ்சிருந்தா ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. 10 டிகிரின்னா சுமார் 200 கிலோ. 5 டிகிரின்னா 400! தொய்வில்லாம விறைப்பா கட்டுறதுதான் ஆபத்து. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ‘ட’ மாதிரி விரிங்க. ரெண்டு நுனியையும் சேர்க்கிற கோடு ஏறக்குறைய 30 டிகிரி. கயிறு அந்தச் சாய்வுல இருந்தா போதும்.

அதனாலதான் தோட்டத்துல தனியா நிக்கிற செங்கல் தூண்ல கட்டவே கூடாது. மேல இருந்து வர்ற பாரத்தை அது தாங்கும். பக்கவாட்டு இழுவைக்கு ஆள் மேலயே சாய்ஞ்சிடும். பட்ட மரமும் வேண்டாம். காய் இருக்கிற தென்னையும் வேண்டாம், காரணம் சொல்லணுமா?

அடுத்து துணி. சோமனூர்ல தறிச் சத்தத்துலயே வளர்ந்தவங்களுக்கு இது சுலபமா புரியும். காடா துணி மெத்துன்னு இருக்கும், வீட்டுக்கு ஓகே. மலைல நனைஞ்சா சீக்கிரம் காயாது, பூஞ்சை பிடிச்சு இத்துப்போகும். நீங்களே தைக்கிறதா இருந்தா பாவு நூல் நீளவாக்குல ஓடணும், எடை அதுமேலதான் விழும். கேம்பிங்குக்கு நைலான் நல்லது: எடை கம்மி, சட்டுனு காயும். ஆனா வெயில்லயே போட்டு வெச்சா வலு குறையும், வேலை முடிஞ்சதும் மடிச்சு வெச்சிடுங்க. மரத்தைச் சுத்துற பட்டை பாலியஸ்டரா, ரெண்டு விரல் அகலத்துல இருக்கட்டும். அது நைலான் அளவுக்கு இழுபடாது, மரப்பட்டையும் வெட்டுப்படாது.

கொக்கி? சாவிக்கொத்துல மாட்டுறது வேண்டாம். எத்தனை கிலோநியூட்டன் தாங்கும்னு அதுமேலயே பொறிச்சிருக்கணும். 1 கிலோநியூட்டன்னா சுமார் 100 கிலோ.

கடைசியா, உட்கார்ந்தா நாற்காலி உயரம்தான் இருக்கணும், சுமார் 45 சென்டிமீட்டர். கீழ கல்லு இருக்கான்னு பாருங்க. முதல்ல கையால அழுத்திப் பார்த்து, அப்புறம் மெதுவா உட்காருங்க. ஒவ்வொரு தடவையும் தையலையும் முடிச்சையும் பார்த்துட்டுப் படுங்க. நூல் பிரிஞ்சிருந்தா அன்னைக்குத் தரையிலயே பாயை விரிச்சிடுங்க.

அடுத்த எபிசோட்ல பாக்கலாமுங்க!