கண்ணைத் தொட்டு போட்ட ஓட்டு!

1964-ம் ஆண்டு, ஜூன் 10-ந் தேதி. அமெரிக்க தலைநகர் வாஷிங்டன். அங்கே செனட் சபை கூடியிருந்தது. 100 உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். பார்வையாளர் மாடத்தில் இடமே இல்லை.

ஒவ்வொரு உறுப்பினர் பெயராகப் படிக்கப்பட்டது. பெயர் படிக்கப்பட்டவர், "ஆம்" அல்லது "இல்லை" என்று சொல்லவேண்டும். அதுதான் ஓட்டு.

"எங்கிள்!" என்று ஒரு பெயர் கூப்பிடப்பட்டது. கிளேர் எங்கிள் கலிபோர்னியா மாநிலத்தின் உறுப்பினர். அவரிடம் இருந்து பதில் வரவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சக்கர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மூளையில் கட்டி. அதனால் பேச்சு போய்விட்டது. வாய் திறந்து சொல்ல முடியாத அவர், மெல்ல கையைத் தூக்கினார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

ஆங்கிலத்தில் கண்ணுக்கு "ஐ" என்று பெயர். "ஆம்" என்று ஓட்டு போடும்போது சொல்லும் சொல்லும் "ஐ"தான்! எங்கிளின் ஓட்டு "ஆம்" என்று எழுதப்பட்டது.

சாகும் தறுவாயில் இருந்த ஒருவர் ஓட்டுப்போட வரவேண்டிய அவசியம் என்ன? அவரது கட்சியே இரண்டாகப் பிளந்து நின்றதுதான் காரணம்!

ஒரே கட்சி, இரண்டு மனம்

அமெரிக்காவில் பெரிய கட்சிகள் இரண்டு. ஒன்று ஜனநாயக கட்சி. மற்றொன்று குடியரசு கட்சி.

வெளியே இருந்து பார்த்தால் இரண்டே கட்சிகள். உள்ளே போய் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பல கோஷ்டிகள்!

1932-ல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனநாயக கட்சியைச் சேர்ந்தவர். தொடர்ந்து 4 தேர்தல்களில் அவர் வெற்றி பெற்றார். இந்த வெற்றிக்குக் காரணம், அவர் சேர்த்து வைத்த கூட்டணி.

வடக்கே உள்ள தொழிலாளர்கள், வெளிநாடுகளில் இருந்து வந்து குடியேறியவர்கள், நகரங்களில் வாழ்ந்த கறுப்பர்கள் ஆகியோர் ஒரு பக்கம். தெற்கே உள்ள வெள்ளையர்கள் இன்னொரு பக்கம். எல்லோரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள்!

தெற்கத்தி வெள்ளையர்கள் ஜனநாயக கட்சியில் இருந்ததற்கு பழைய கதை ஒன்று உண்டு. அடிமை முறையை ஒழித்த லிங்கன், குடியரசு கட்சிக்காரர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் தோற்றன. அந்தக் கோபத்தில், குடியரசு கட்சி என்றாலே தென் மாநில வெள்ளையர்களுக்கு ஆகாது.

அடிமை முறை ஒழிந்தாலும், தெற்கே கறுப்பர்களுக்கு விடிவு வரவில்லை. பள்ளிக்கூடம் தனி. தண்ணீர் குழாய் தனி. ஓட்டலில் அவர்களுக்கு இடம் கிடையாது. "வரி கட்டினாயா? படிக்கத் தெரியுமா?" என்று கேட்டு, ஓட்டுப்போட விடாமல் விரட்டினார்கள்.

ஆக, கறுப்பரும் ஒரே கட்சி. அவரை விரட்டியவரும் அதே கட்சி!

இந்தக் குடித்தனம் எத்தனை நாள் நடக்கும்?

மாநாட்டில் வெளிநடப்பு

1948, ஜூலை மாதம். பிலடெல்பியா நகரில் ஜனநாயக கட்சி மாநாடு நடந்தது. ட்ரூமன் அப்போது ஜனாதிபதி.

மேடையில் ஓர் இளைஞர் ஏறினார். ஹியூபர்ட் ஹம்ப்ரி. மினியாபொலிஸ் நகர மேயர். வயது 37. "மாநில உரிமை" என்று சாக்கு சொன்னது போதும், இனி மனித உரிமையின் பக்கம் நிற்கவேண்டும் என்று அவர் முழங்கினார்.

கறுப்பர் உரிமைக்கு ஆதரவான தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டது. ஆதரவு 651½ ஓட்டு, எதிர்ப்பு 582½. தீர்மானம் நிறைவேறியது.

மிசிசிபி மாநிலப் பிரதிநிதிகள் எழுந்தார்கள். அலபாமா பிரதிநிதிகளில் பாதிப் பேர் எழுந்தார்கள். மாநாட்டை விட்டு வெளியேறினார்கள்!

சில நாட்களில் போட்டிக் கட்சி பிறந்தது. தெற்கு கரோலினா கவர்னர் ஸ்ட்ராம் தர்மண்ட் அதன் ஜனாதிபதி வேட்பாளர் ஆனார். தேர்தலில் அவருக்கு தெற்கு கரோலினா, அலபாமா, மிசிசிபி, லூசியானா ஆகிய 4 மாநிலங்கள் கிடைத்தன.

இந்தப் பிளவால் ட்ரூமன் தோற்பார் என்றே பலரும் நினைத்தார்கள். "ட்ரூமன் தோல்வி" என்று சிகாகோ பத்திரிகை ஒன்று அவசரப்பட்டு அச்சடித்தும் விட்டது! ஆனால் ஜெயித்தவர் ட்ரூமன்தான்.

பேசியே கொன்றார்கள்

போட்டிக் கட்சி மறைந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் மனம் ஒட்டவில்லை.

செனட் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மசோதா பிடிக்கவில்லையா? எழுந்து நின்று பேசிக்கொண்டே இருக்கலாம். பேச்சு முடிந்தால்தானே ஓட்டு எடுக்க முடியும்! 1957-ல் தர்மண்ட் இப்படி 24 மணி 18 நிமிடம் பேசினார். கறுப்பர் உரிமை மசோதாக்களை தென் மாநிலத்தார் பேசிப் பேசியே சாகடித்து வந்தார்கள்.

1963-ல் ஜனாதிபதி கென்னடி புதிய மசோதா கொண்டு வந்தார். ஓட்டல், சினிமா தியேட்டர், எதிலும் நிற வேற்றுமை கூடாது என்றது மசோதா. அந்த ஆண்டு நவம்பர் 22-ந் தேதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஜான்சன், டெக்சாஸ்காரர். அதாவது, அவரும் தெற்கத்திக்காரர்! இருந்தும் மசோதாவை அவர் கைவிடவில்லை.

செனட் சபையில் ஜனநாயக கட்சிக்கு 67 உறுப்பினர்கள். பேச்சை நிறுத்தத் தேவையான ஓட்டும் 67. கணக்கு சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 67 பேரில் 23 பேர் எதிரணி!

அமெரிக்காவில் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டால் பதவி போகாது. தேர்தலில் கட்சி வேட்பாளர் யார் என்பதையும் பெரும்பாலும் மக்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்கிறார்கள். ஆகவே, தலைவருக்கு உறுப்பினர் பயப்படுவதை விட, தொகுதிக்கே அதிகம் பயப்படுவார்.

கை கொடுத்த எதிர்க்கட்சி

மசோதாவை நடத்திச் செல்லும் பொறுப்பு யாரிடம் இருந்தது தெரியுமா? 1948-ல் முழங்கிய அதே ஹம்ப்ரியிடம்! இப்போது அவர் செனட் உறுப்பினர்.

சொந்தக் கட்சியில் ஆள் போதவில்லை. குடியரசு கட்சித் தலைவர் டிர்க்சனைத் தேடிப் போனார். டிர்க்சன் சில திருத்தங்கள் கேட்டார். பேச்சுவார்த்தை நடந்தது. உடன்பாடு ஏற்பட்டது.

ஜூன் 9-ந் தேதி இரவு, மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் எதிர்த்துப் பேச எழுந்தார். விடிய விடிய பேசினார். 14 மணி 13 நிமிடம்! மறுநாள் காலை அவர் உட்கார்ந்த பிறகு ஓட்டு எடுக்கப்பட்டது. அப்போதுதான் எங்கிள் கண்ணைத் தொட்டார்.

67-வது ஓட்டைப் போட்டவர் டெலாவேர் மாநிலத்தின் ஜான் வில்லியம்ஸ். அவர் குடியரசு கட்சிக்காரர்!

முடிவு: ஆதரவு 71, எதிர்ப்பு 29. ஆதரித்தவர்களில் ஜனநாயக கட்சியினர் 44 பேர். குடியரசு கட்சியினர் 27 பேர். ஜூலை 2-ந் தேதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். மசோதா சட்டம் ஆனது.

வீடு மாறினார்கள்

குடியரசு கட்சியிலும் இரு கோஷ்டிகள் இருந்தன. நியூயார்க் கவர்னர் ராக்பெல்லர் மிதவாதி. அரிசோனாவின் கோல்ட்வாட்டர், தனியார் வியாபாரத்தில் மத்திய அரசு தலையிடக்கூடாது என்றவர். சட்டத்தை எதிர்த்து ஓட்டுப்போட்டவர்.

அதே ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் கட்சி மாநாடு. ராக்பெல்லர் பேச எழுந்ததும் கூச்சல் போட்டார்கள். கோல்ட்வாட்டரே ஜனாதிபதி வேட்பாளர் ஆனார்.

தேர்தலில் ஜான்சன் அமோக வெற்றி பெற்றார். கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தது 6 மாநிலங்கள்தான். ஒன்று சொந்த மாநிலம். மற்ற ஐந்தும் தென் மாநிலங்கள்! 1948-ல் தர்மண்ட் ஜெயித்த நான்கும் அதில் அடக்கம்.

தர்மண்ட் அதற்கு முன்பே, செப்டம்பரில், குடியரசு கட்சிக்குத் தாவிவிட்டார். அவர் போன வழியில் தெற்கத்தி வெள்ளையர்கள் மெல்ல மெல்லப் போனார்கள். 1994 தேர்தலில், தெற்கே இருந்து கீழ்சபைக்குப் போனவர்களில் குடியரசு கட்சியினரே அதிகம். லிங்கன் கட்சியை வெறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே கட்சியின் தூண்கள் ஆனார்கள்!

கோஷ்டிச் சண்டை அதோடு ஓயவில்லை. 2023, ஜனவரியில் குடியரசு கட்சியின் கெவின் மெக்கார்த்தி கீழ்சபை சபாநாயகர் ஆக 15 தடவை ஓட்டு எடுக்கவேண்டி வந்தது. அக்டோபர் 3-ந் தேதி அவரது கட்சியினர் 8 பேரே எதிர்க்கட்சியுடன் சேர்ந்தார்கள். 216 ஓட்டுக்கு 210 ஓட்டு! மெக்கார்த்தி பதவி இழந்தார்.

பேச்சு இழந்தும் ஓட்டு இழக்காத கிளேர் எங்கிள், சட்டம் வந்து 28 நாள் கழித்து, 1964 ஜூலை 30-ந் தேதி, கண் மூடினார். அவருக்கு வயது 52.