ஆற்றில் விடும் கழிவு யார் வீட்டுக் குடத்தில்?



சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கின்றது திருமணிமுத்தாறு. வழியில் நகரச் சாக்கடையும் சாயக் கழிவும் அதனுடன் சேர்கின்றன. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் சாயக் கழிவோ காவிரியையே மாசுபடுத்துகின்றது.

சாயநீரில் மிகுந்திருப்பது உப்பு. அது மண்ணில் இறங்கிக் கிணற்றை அடைகின்றது. ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்கு மிகாதிருப்பதே ஏற்றது என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும். உப்பும் உலோகங்களும் நீங்கமாட்டா. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். எனவே கழிவை அது வெளியேறும் இடத்திலேயே தடுத்தாக வேண்டும்.

தேங்கிய நீரிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தனியொருவரின் அசுத்தத்திற்கே இத்தடை எனில், ஒரு பட்டறையின் கழிவுக்கு என்ன சொல்வது?

தொழில் நடத்தும் சகோதரர்களே! சுத்திகரிக்காமல் நீங்கள் மிச்சப்படுத்தும் பணத்திற்கு, ஆற்றின் கீழ்ப்புறத்தில் வாழும் குழந்தை தன் உடல்நலத்தை விலையாகத் தருகின்றது. இது ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை. உரியவர் மன்னிக்காதவரை தவ்பா மட்டும் இதைத் தீர்த்துவிடாது.

பிறருக்குத் தீங்கிழைக்காத ஹலாலான வாழ்வாதாரத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.